கண்ணில் தண்ணீர் படக்கூடாத வாரம்

செப்டம்பர் 1, ஞாயிறு

நாளைக்கு எனக்குக் கண்ணில் லேசர். அதனால்தான் இந்த டைரியைத் தூசு தட்டி எடுத்தேன். கம்பெனியில் புத்தாண்டுக்குக் கொடுத்தது. இதுவரை அம்மா இதில் மார்கழிக் கோலம் வரைந்து பார்த்ததைத் தவிர வேறு உபயோகம் இல்லை. ஆபரேஷன் முடிந்தால் போனைத் தொடக் கூடாதாம், டிவி பார்க்கக் கூடாதாம். வாயையும் கையையும் கட்டிக்கொண்டு கிடக்க என்னால் ஆகாது. எழுதக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் அதற்கும் ஒரு ‘கூடாது’ போட்டுவிடுவார்கள்.

போன வாரம் பாளையங்கோட்டைக்குக் கண்ணைச் சோதிக்கப் போனபோதே ஒரு சிஸ்டர் எங்களை உட்காரவைத்து எல்லாம் சொல்லிவிட்டார். ஒரு வாரம் தலைக்குக் குளிக்கக் கூடாது. முகத்தில் தண்ணீர் அடிக்கக் கூடாது, ஈரத்துணியால் ஒற்றிக்கொள்ளலாம். மை கூடாது. அடுப்பு, புகை, தூசி கூடாது. மல்லாந்துதான் படுக்க வேண்டும். வெளியே போனால் கறுப்புக் கண்ணாடி, தூங்கும்போது கண்ணுக்குப் பிளாஸ்டிக் மூடி. எது நடந்தாலும் கண்ணைக் கசக்கக் கூடாது. எல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில் அம்மா ஒரு கேள்வி கேட்டாள்.

“அழலாமா சிஸ்டர்?”

சிஸ்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “எதுக்கு அழணும்? கண்ணுல தண்ணியே படக் கூடாதுன்னுதானம்மா இவ்வளவு நேரமாச் சொல்லுதேன்” என்றார்.

அம்மா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். திரும்பி வருகிற பஸ்ஸிலேயே ஆரம்பித்துவிட்டாள். “ஒரு வாரத்துக்கு எந்த நாடகமும் பாக்கப்பிடாது, கேட்டியா. ஒரு சொட்டு கண்ணீர் விட்ட, கண்ணு அவிஞ்சிரும்.”

எனக்கு ஆறரை பவர். மூன்றாம் வகுப்பிலிருந்து கண்ணாடி. இறால் ஏற்றுமதிக் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை எனக்கு. முகமூடியும் கண்ணாடியும் சேர்ந்தால் மூச்சு விடுகிற ஆவியெல்லாம் கண்ணாடியில்தான். கோல்ட் ஸ்டோரேஜ் கதவைத் தாண்டி வந்தேன் என்றால் முழுக் குருடு. அதனால்தான் ஆபரேஷன் என்று நான் சொல்கிறேன். அம்மாவுக்குக் காரணம் வேறு. கோவில்பட்டியிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள், எல்லாம் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டு, “கண்ணாடி மட்டும் இல்லேன்னா இன்னும் லட்சணமா இருப்பா” என்று இழுத்தார்கள். கண் சரியானதும் மறுபடியும் வருவார்கள்.

அவர்கள் வருவதற்கு முன்னால் வேறு ஒருவர் வருகிறார். வருகிற ஞாயிற்றுக்கிழமை, தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு, என் அப்பாவிடம் பேச. கோல்ட் ஸ்டோரேஜில் வேலை பார்க்கிறவர். பெயரை எழுத மாட்டேன். என் அம்மா நாலாம் வகுப்பு வரை படித்தவள், நாலு வரி படிக்க அது போதும். வேதக்காரர், சர்ச்சுக்குப் போகிறவர் என்பதை மட்டும் எழுதுகிறேன். அப்பா என்ன சொல்வார் என்று தெரியவில்லை. அம்மா என்ன சொல்வாள் என்று நன்றாகத் தெரியும்.

டைரி தலையணை உறைக்குள் போகிறது.

செப்டம்பர் 3, செவ்வாய்

நேற்று முடிந்தது. ஓர் இயந்திரத்துக்குக் கீழே படுக்கவைத்து, மேலே தெரிகிற விளக்கையே பார் என்றார்கள். பார்த்தேன். முடி கருகுகிற வாடை வந்தது. அது என் கண்தான் என்று பிறகுதான் புரிந்தது. வலி இல்லை. ராத்திரி லாட்ஜில் படுத்திருந்தபோதுதான் வெங்காயம் அரிந்த மாதிரி எரிந்தது. கை தானாகக் கண்ணுக்குப் போகிறது என்று அம்மா என் இரண்டு மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

இன்று காலை மூடியைக் கழற்றினார்கள். பலகையில் கடைசி வரி வரைக்கும் வாசித்தேன். டாக்டர் “வெரி குட்” என்றார். அம்மா பிள்ளையாருக்கு நேர்ந்துகொண்டாள்.

இனி எழுதப் போவது அந்தப் பலகையைப் பற்றி இல்லை.

ஆஸ்பத்திரி வாசலில் அம்மா ஆட்டோ பேசிக்கொண்டிருந்தாள். எதிர்ப்பக்கம் டீக்கடை. அங்கே ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவர் நின்றார். நான்தான் வரச் சொல்லியிருந்தேன். “கண்ணாடி இல்லாம மொதல்ல உங்களைத்தான் பாக்கணும்” என்று போனில் சொன்னபோது, “அதுக்கு அம்பது கிலோமீட்டரா?” என்று கேட்டுச் சிரித்தார். வர மாட்டார் என்றுதான் நினைத்தேன்.

கறுப்புக் கண்ணாடியைக் கொஞ்சம் தூக்கிவிட்டுப் பார்த்தேன். கூடாதுதான். நடுவில் பஸ் போகிறது, ஆட்டோ போகிறது, அத்தனைக்கும் அந்தப் பக்கம் நிற்கிற ஒரு மனிதரின் முகம் எனக்குத் தெரிகிறது. இரண்டு வருடமாய்ப் பக்கத்தில் நின்று பேசியிருக்கிறேன், முகமூடியும் ஆவியுமாக. இடது புருவத்தில் முடி முளைக்காத ஒரு கோடு இருப்பது இன்றைக்குத்தான் தெரியும். மீசையை ஒரு பக்கம் கூடுதலாகக் கத்தரித்திருக்கிறார். இந்த மீசையோடா அப்பாவிடம் பேச வரப்போகிறீர்கள் என்று கேட்க நினைத்தேன்.

அவர் கையை ஆட்டவில்லை. டீ கிளாஸை ஓர் அங்குலம் தூக்கிக் காட்டினார், அவ்வளவுதான்.

“ஏட்டி, வெயிலு! கண்ணாடியப் போடு” என்று அம்மா அதட்டினாள். போட்டுக்கொண்டேன். ஆட்டோ திரும்பியது.

வீட்டுக்கு வந்ததும் முதல் காரியமாக அம்மா என் போனை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

செப்டம்பர் 4, புதன்

மல்லாந்து படுத்துக் கிடக்கிறேன். இப்போது உட்கார்ந்து எழுதுவது அம்மா ரேஷன் கடைக்குப் போயிருப்பதால்.

சொட்டு மருந்து இரண்டு விதம். ஒன்று ஊற்றிவிட்டுச் சற்றுப் பொறுத்துத்தான் மற்றது. அம்மா சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு, கீழ் இமையை இழுத்து, “முருகா” என்று சொல்லி ஒரு சொட்டு விடுகிறாள். அடுத்த கண்ணுக்கு இன்னொரு முருகா. மருந்து கன்னத்தில் வழிந்தால் பஞ்சால் ஒற்றுகிறாள். என் கை முகத்துக்குப் பக்கத்தில் போனால் போதும், ஈ அடிக்கிற மாதிரி ஓர் அடி.

எனக்குக் கமறக் கூடாது என்று வீட்டில் தாளிப்பதையே நிறுத்திவிட்டாள். அப்பாவுக்குத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் லாரி எடைமேடையில் ராத்திரி வேலை. காலையில் வந்து தட்டைப் பார்த்துவிட்டு என்னிடம், “கண்ணு ஆபரேஷன் எனக்கா உனக்கா பிள்ள? நாக்கு செத்துப்போச்சு” என்றார்.

மத்தியானம் அம்மாவின் இடுப்பில் போன் அடித்தது. எட்டிப் பார்க்கக்கூட விடவில்லை.

“யாரும்மா?”

“உங்க கம்பெனிதான். கோல்ட் ஸ்டோரேஜுன்னு போட்டிருக்கு. கண்ணு தெரியாமக் கெடக்கவள வேலைக்குக் கூப்புடுதானுவ பாரு. அடிச்சுட்டுப் போட்டும்.”

அடித்து நின்றது. நாளைக்குக் கம்பெனியிலிருந்து புஷ்பம் அக்கா வந்தால் சொல்லி அனுப்ப வேண்டும், ஞாயிறு வரை போன் பண்ண வேண்டாம் என்று. அந்த மீசையைச் சரிபண்ணிக்கொண்டு வரச் சொல்லியும்.

செப்டம்பர் 5, வியாழன்

பிரிட்டோ.

பெயரை எழுதிவிட்டேன். இனி யார் படித்தால் என்ன.

புஷ்பம் அக்கா மதியமே வந்தாள். எங்கள் கம்பெனியில் என் மேசைக்குப் பக்கத்து மேசை. எங்கள் விஷயம் தெரிந்த ஒரே ஆள். கட்டிலில் என் கால்பக்கம் உட்கார்ந்தாள். அம்மா காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டு அங்கேயே நின்றாள். அக்கா என்னைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்துத்தான் சொன்னாள்.

“கம்பெனி இன்னைக்கு லீவு விட்டுட்டாவ அத்த. நம்ம கோல்ட் ஸ்டோரேஜ் சூப்பர்வைசர், பிரிட்டோன்னு ஒரு தம்பி. நேத்து ராத்திரி வேல முடிஞ்சு போகையில, ஹார்பர் ரோட்டுல உப்பு லாரி அடிச்சிட்டு. அங்கனயே முடிஞ்சு போச்சு.”

போர்வைக்கு அடியில் அவள் கை என் பாதத்தை இறுக்கிப் பிடித்திருந்தது.

“அட பாவமே” என்றாள் அம்மா. “வயசு எத்தன? கல்யாணம் ஆயிட்டா?”

“முப்பது. ஆவல அத்த.”

“பெத்தவ எப்படித் தாங்குவா.” அம்மா என் பக்கம் திரும்பினாள். “உனக்குத் தெரிஞ்ச பிள்ளையாட்டி?”

“தெரிஞ்சவங்கதாம்மா.”

“அழுதிராத, என்ன. இந்த ஒரு வாரம் பல்லக் கடிச்சுக்க. கண்ணுல தண்ணி பட்டா போட்டதெல்லாம் பாழு.”

கண் எரிகிறது, மருந்து ஊற்று என்றேன். இப்போதுதானே ஊற்றினேன் என்றாள். எரிகிறது என்று மறுபடியும் சொன்னேன். கை கழுவிவிட்டு வந்தாள். ஒரு முருகா, இன்னொரு முருகா. வழிந்ததை எல்லாம் மருந்து என்றே நினைத்துப் பஞ்சால் ஒற்றினாள். பஞ்சு நனைந்து போய் இன்னொரு பஞ்சு எடுத்தாள். “இன்னைக்கு என்ன இவ்வளவு வடியுது” என்றாள்.

இப்போதும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். வீட்டுக்குள் எதற்கு என்று அப்பா கேட்டார். வெளிச்சம் கூசுகிறது என்றேன்.

செப்டம்பர் 6, வெள்ளி

நாலு மணிக்குத் திரேஸ்புரத்தில் அடக்கம்.

காலையில் அப்பா வேலை முடிந்து வந்ததும் கேட்டேன், கம்பெனி ஆட்களோடு நானும் போய்விட்டு வரட்டுமா என்று. குரல் சாதாரணமாகத்தான் வந்தது. மூன்று தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் கேட்டேன்.

“கம்பெனில நூறு பேரு போவான். நீ இந்தக் கண்ண வச்சுக்கிட்டுப் போகணுமா?” என்றார்.

“கல்லறத் தோட்டத்துல மணலு பறக்கும்ட்டி” என்றாள் அம்மா. “ஒரு பொடி விழுந்தாப் போச்சு.”

அவர்கள் சொல்வதில் தப்பே இல்லை. யாரோ ஒருவருக்காகக் கண்ணைப் பணயம் வைக்க எந்த அப்பா அம்மாவும் விடமாட்டார்கள். யாரோ இல்லை என்று சொல்ல வாய் வரை வந்தது. செத்துப்போனவரைப் பற்றி இப்போது போய் எதைச் சொல்வது? ஞாயிற்றுக்கிழமை அவரே வந்து சொல்வதாக இருந்தது. எனக்கு அதைச் சொல்கிற தைரியம் இருந்திருந்தால் அவர் ஏன் வர வேண்டும்?

அம்மாவிடம் மட்டும் தனியாகச் சொன்னேன். “மழ நாள்ல எத்தனையோ தடவ என்னைய பஸ் ஏத்திவிட்டுட்டுப் போயிருக்காங்கம்மா. நான்தான் போக முடியாது. நம்ம வீட்டுல இருந்து ஒரு ஆளாவது போய்ட்டு வரணும். நீ போய்ட்டு வாயேன்.”

அம்மா ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாள். கறுப்புக் கண்ணாடியில் அவள் முகம்தான் அவளுக்குத் தெரிந்திருக்கும். “செரி” என்றாள். புஷ்பம் அக்காவோடு போனாள்.

அப்பா அசந்து தூங்கினார். நான் விட்டத்தைப் பார்த்துக் கிடந்தேன். மின்விசிறி இறக்கையில் படிந்திருக்கிற தூசி தெரிகிறது. சுவரில் பல்லியின் விரல் தெரிகிறது. காலண்டரில் நல்ல நேரம், ராகுகாலம் எல்லாம் படுத்த இடத்திலிருந்தே வாசிக்க முடிகிறது. எதற்கு இத்தனை தெளிவு என்று ஆத்திரமாக வந்தது. பார்க்க வேண்டியதை அங்கே பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். இன்னும் கொஞ்ச நேரத்தில் மூடிவிடுவார்கள். நான் இங்கே பல்லியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நாலு மணி அடித்தபோது தலையணையைக் கடித்துக்கொண்டேன். கையை முதுகுக்கு அடியில் கொடுத்துப் படுத்திருந்தேன், கண்ணுக்குப் போகாமல் இருக்க.

அம்மா இருட்டுகிற நேரத்தில் வந்தாள். நேரே புறவாசலுக்குப் போய்த் தண்ணீர் ஊற்றிக்கொள்கிற சத்தம் கேட்டது. ஈரத்தலையோடு வந்து மருந்தை எடுத்தாள். முதல் சொட்டு கன்னத்தில் விழுந்தது. முருகா என்று சொல்லவில்லை.

“பாத்தியாம்மா?” என்றேன்.

“பாத்தேன்.”

அவளாகவே சொன்னாள். மருந்துக் குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, பதற்றம் இல்லாமல், ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

“முகத்துக்கு ஒண்ணும் ஆவல. தலையிலதான் அடி. துணி சுத்தி மறச்சிருந்தாவ. வெள்ளச் சட்ட, கழுத்துப் பித்தான் வரைக்கும் போட்டிருந்திச்சு. நல்ல எலுமிச்ச நெறம் என்ன? நான் கறுப்பா இருப்பான்னு நெனச்சிருந்தேன். இடதுபக்கப் புருவத்துல ஒரு கோடு. சின்னதுல தண்ணிக் குடத்து மேல விழுந்தானாம், அவுக அம்மா சொன்னா. காதோரத்துல ரெண்டு நரமுடி. முப்பது வயசுல நர. உதடு லேசாத் தொறந்து, என்னமோ சொல்ல வந்த மாதிரி இருந்திச்சு. கையில ஜெபமால சுத்திருந்தாவ. நகமெல்லாம் சுத்தமா வெட்டிருந்திச்சு. மீசையப் புதுசா ஒதுக்கிருந்தான். ரெண்டு பக்கமும் செரியா இருந்திச்சு.”

அவ்வளவு நேரம் உற்றுப் பார்த்திருக்கிறாள். தெரியாத ஒரு பையனின் நகத்தை எல்லாம் யார் பார்ப்பார்கள்?

“பெட்டிய மூடுறதுக்கு முன்னால கடைசியா நான்தான் பாத்தேன்” என்றாள். பிறகு அடுக்களைக்குப் போய்விட்டாள்.

செப்டம்பர் 7, சனி

பிள்ளையார் சதுர்த்தி. தெருமுனையில் பந்தல் போட்டு விடியும் முன்பே பாட்டுப் போட்டுவிட்டார்கள்.

எங்கள் வீட்டில் கொழுக்கட்டை இல்லை. அரிசி ஊறப்போட மறந்துவிட்டதாக அம்மா சொன்னாள். என் கண்ணுக்காகப் பிள்ளையாருக்கு நேர்ந்துகொண்டவள். அப்பா ஒரு மூச்சு சத்தம் போட்டார்.

“ஒரு தேங்காயாவது ஒடச்சிட்டு வருவம். கெளம்பு.”

“நீங்க போய்ட்டு வாங்க. நான் வரல.”

“ஏன், உனக்கு என்ன?”

“முட்டி வலி.”

அப்பா தனியாகப் போய்விட்டு வந்தார். வாசலில் கோலம்கூட இல்லை என்று அப்போதுதான் கவனித்திருக்கிறார். அதற்கும் முட்டி வலிதான் பதில்.

கொழுக்கட்டை இல்லாத சதுர்த்தி எனக்குத் தெரிந்து இந்த வீட்டில் ஒரு தடவைதான் வந்திருக்கிறது. பெரியப்பா இறந்துபோன வருஷம்.

மருந்து எல்லா வேளையும் ஊற்றியாயிற்று.

செப்டம்பர் 8, ஞாயிறு

இன்றைக்கு வருவதாக இருந்தது.

காலையில் அப்பா வழக்கம்போல் பேப்பரோடு கூடத்தில் உட்கார்ந்தார். எதிரே நாற்காலி காலியாக இருந்தது. என்னால் கூடத்தைப் பார்க்க முடியவில்லை, உள்ளேயே இருந்துவிட்டேன்.

கோவில்பட்டியிலிருந்து போன் வந்தது. அம்மாதான் பேசினாள். “கண்ணு இன்னும் ஆறலம்மா. இப்ப வர வேண்டாம். எப்ப ஆறும்னு சொல்ல முடியாது. நீங்க வேற எடம் பாக்கதுன்னாப் பாருங்க, எங்களுக்கு மனவருத்தம் ஒண்ணுமில்ல.” வைத்துவிட்டாள். இவ்வளவு நல்ல இடத்தை ஒரே பேச்சில் விட்டுவிட்டு அவள் பாட்டுக்கு வந்து மருந்தை எடுத்தாள்.

இமையை இழுத்துப் பிடித்தபடியே கேட்டாள். “இன்னைக்கு வாறதா இருந்தாவளாமே?”

சொட்டு விழுந்தது. கண்ணை மூடிக்கொண்டேன்.

“அவுக அம்மா சொன்னா. ‘நீங்க வடிவுக்கு அம்மாவா’ன்னு கேட்டு என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டா. எனக்கு ஒண்ணும் வெளங்கல. ஞாயித்துக்கெழம உங்க வீட்டுக்கு வாறதுக்குச் சீல எடுத்து வச்சிருந்தேன்னு சொல்லி அழுதா. அத்தன கூட்டத்துல நான் என்ன செய்ய? நானும் அழுதேன்.”

“அம்மா...”

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே நீ. சொல்லிருந்தா...” நிறுத்தினாள். பொய் சொல்ல அவளுக்கு வராது. “சொல்லிருந்தா வேண்டாம்னுதான் சொல்லிருப்பேன். சண்ட போட்டிருப்பேன். போட்டிருந்தாலும் அவன் முகத்த உசுரோட ஒரு தடவ பாத்திருப்பேம்லா.”

இடுப்பிலிருந்து போனை எடுத்து என் கையில் வைத்தாள்.

“புதங்கெழம வந்த போனு. நான் எடுக்காம விட்டுட்டேன். கம்பெனிக்காரன்தானன்னு விட்டுட்டேன்ட்டி.”

அவள் அழுதாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, அப்பாவுக்குக் கேட்காமல். நான் அழவில்லை. என் கண்ணைப் பார்த்துவிட்டு, “நீ அழாத, நீ அழாத” என்று என்னைத் தடுத்துக்கொண்டே அவள் அழுதாள். பாவம் என்று இருந்தது. கட்டிப்பிடித்துக்கொண்டேன். அப்போதும் என் முகம் அவள் தோளில் இடித்துவிடாமல் ஒரு கையால் என் நெற்றியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள்.

போனை நான் திறக்கவில்லை. நாளை டாக்டர் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

செப்டம்பர் 9, திங்கள்

டாக்டர் சின்ன வயதுக்காரர். கருவியில் என் தாடையை வைத்துப் பார்த்துவிட்டு, கண் அருமையாக ஆறியிருக்கிறது, ஒரு குறையும் இல்லை என்றார். வேலைக்குப் போகலாம், போன் பார்க்கலாம், தலைக்குக் குளிக்கலாம். மருந்து மட்டும் இன்னும் கொஞ்ச நாள். கசக்குவது மட்டும் எப்போதும் கூடாது.

“வேற ஏதாவது கேக்கணுமா?”

கேட்டேன். “அழலாமா டாக்டர்?”

சிஸ்டர் மாதிரி அவரும் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். “தாராளமா அழலாம். அழுதா கண்ணுக்கு ஒண்ணும் ஆகாது. கண்ணீர் நல்லதுதான். கசக்காம அழுதாச் சரி.”

“இன்னைலேர்ந்தா டாக்டர்?” என்றாள் அம்மா.

“மொத நாள்ல இருந்தே அழலாம்மா. குழாத் தண்ணிதான் கண்ணுல படக் கூடாது. கண்ணீர யாரு கூடாதுன்னா?”

வெளியே வந்ததும் அம்மாவால் நடக்க முடியவில்லை. வராந்தா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். சீட்டு வாங்க வருகிறவர்களும் போகிறவர்களும் எங்களைத் தாண்டிப் போனார்கள். “அவன் போன அன்னைக்கு உன்னைய அழவிடாமப் பண்ணிட்டேனே” என்றாள். “பெட்டிக்கிட்ட உன்னையக் கொண்டு நிறுத்திருக்கலாமே. கறுப்புக் கண்ணாடியப் போட்டுக் கூட்டிட்டுப் போயிருக்கலாம்லா. எதுக்கு எனக்கு இந்தக் கூறு இல்லாமப் போச்சு?”

“உனக்கு அவரு யாருன்னே தெரியாதேம்மா.”

“எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்லா.”

நான் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அடி விழுந்திருக்கும், வசவு விழுந்திருக்கும், ஆனால் போயிருப்பேன். சொல்லவில்லை. முகம் மண்ணுக்குள் போய்விட்டது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா புறவாசலில் முக்காலியைப் போட்டு, இரண்டு வாளியில் தண்ணீர் பிடித்து வைத்தாள். ஒரு வாரத் தலை, பிசுபிசு என்று இருந்தது. நான் எண்ணெய்க் குப்பியை எடுத்துக்கொண்டு போனேன். அதை வாங்கி மாடத்தில் திருப்பி வைத்துவிட்டாள்.

“எண்ணெ வேண்டாம். சீயக்காயும் வேண்டாம்.”

“அழுக்குப் போகாதும்மா.”

“அழுக்குக்கு நாளைக்குக் குளிச்சுக்கலாம். இன்னைக்குப் பச்சத் தண்ணி. உட்காரு.”

புரிந்தது. முக்காலியில் உட்கார்ந்தேன். எண்ணெய் வைக்காமல், எதுவும் தேய்க்காமல் வெறும் பச்சைத் தண்ணீரைத் தலைக்கு ஊற்றுவது எங்களில் ஒரே ஒரு காரியத்துக்குத்தான். சாவு வீட்டுக்குப் போய் வந்தவர்கள் ஊற்றிக்கொள்வார்கள். போகாமல் வீட்டில் இருந்தவர்கள் ஊற்றிக்கொள்வதென்றால், செத்தவர் சொந்தமாக இருக்க வேண்டும். பெரியப்பா செத்தபோது அப்படித்தான் எங்கள் எல்லோருக்கும் ஊற்றினாள்.

தூங்கி எழுந்து வந்த அப்பா புறவாசல் படியில் நின்றார். எண்ணெய் இல்லாத என் தலையைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார்.

“என்னட்டி இது, எளவுக் குளி மாதிரில்லா இருக்கு. யாரு செத்தா?”

அம்மா செம்பைத் தண்ணீரில் முக்கி எடுத்தாள். “நம்ம வீட்டுக்கு வர இருந்த பிள்ள” என்றாள். “பெறவு சொல்லுதேன். நீங்க உள்ள போங்க.”

அப்பா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட வாயெடுத்து, கூப்பிடாமல் உள்ளே போனார்.

“கண்ண மூடிக்க” என்று சொல்லி அம்மா முதல் செம்பை ஊற்றினாள். உச்சந்தலையில் சில்லென்று இறங்கியது. இரண்டாவது செம்பு ஊற்றினாள். மூன்றாவது ஊற்றும்போது என் வயிற்றிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது என் குரல் என்றே எனக்குத் தெரியவில்லை. பக்கத்து வீட்டில் யாரோ எட்டிப் பார்த்திருப்பார்கள். அம்மா தடுக்கவில்லை. செம்பைக் கீழே வைக்கவும் இல்லை.

“அழு” என்றாள். “நல்லா அழு. கண்ண மட்டும் கசக்கிராத.”

இரண்டு கையையும் முழங்காலுக்குக் கீழே கோத்துக்கொண்டு, அவர் பெயரைச் சொல்லி அழுதேன். வாளி காலியாகும் வரை அம்மா ஊற்றிக்கொண்டிருந்தாள்.